செலஸ்தீனாவின் பின்னால் வந்த கருமணல்

ஈரலில் உட்கார்ந்திருந்த கட்டி எவ்வளவு பெரியது என்று படம் எடுத்துப் பார்ப்பதற்காக ஆஸ்பத்திரியில் செலஸ்தீனாவுக்கு இரும்பு ஊசி போட்ட அன்று மத்தியானம், அவள் பஸ்ஸை விட்டு இறங்கி அருளப்பன்துறைக் கடற்கரை வழியாக வீட்டுக்கு நடந்தபோது, வெள்ளை மணலோடு கலந்து கிடந்த கருமணல் முழுவதும் தன்னைத் தனியாகப் பிரித்துக்கொண்டு அவள் பின்னால் போயிற்று. தீனி போட வருகிறவளின் பின்னால் கோழிகள் போகுமே, அப்படி, அவசரமில்லாமல், முந்தியும் பிந்தியும், பள்ளம் வந்தால் இறங்கியும் மேடு வந்தால் ஏறியும் போயிற்று. படகின் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஊர்க் கமிட்டித் தலைவர் சேசடிமைதான் அதை முதலில் பார்த்தார்.

"எளா செலஸ்தீ, ஒனக்குப் பின்னால மணலு வருது" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மணல் நின்றது. இரண்டு எட்டு நடந்தாள். மணலும் நடந்தது.

"வந்தா வரட்டும் அண்ணே, சோறா கேக்கப்போவுது?" என்று சொல்லிவிட்டு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

செலஸ்தீனா அப்படிப்பட்டவள். அருளப்பன்துறையில் மீன் ஏலம் விடுவது அவள்தான். காலையில் அவள் ஏலம் கூறும் குரல் கேட்டுத்தான் பக்கத்து ஊரான கீழத்துறையில் அடுப்பு மூட்டுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கடலைப் பார்த்துக் கத்திப் பழகியவளுக்கு மெதுவாகப் பேச வராது. கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட வெளியே நிற்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். அவள் கணவன் ததேயு அதற்கு நேர் எதிர். படகு இன்ஜின் பழுதுபார்க்கும் வேலை. நாள் முழுக்க இன்ஜினோடு இருப்பவன் என்பதாலோ என்னவோ, தேவையில்லாமல் சத்தம் போட மாட்டான். அன்று அவன் வாசலில் ஒரு இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் வாசலில் கால் வைத்ததும் ஸ்பேனர்கள், நட்டுகள், போல்ட்டுகள் எல்லாம் தரையில் அரைவட்டம் அடித்து அவளைப் பார்க்கத் திரும்பின.

"ஊசி போட்டாச்சா?" என்று ததேயு கேட்டான்.

"போட்டாச்சி."

"வலிச்சிதா?"

"எறும்பு கடிச்ச மாதிரி."

அவன் எழுந்து ஸ்பேனர்களையெல்லாம் பொறுக்கி, நைலான் கயிற்றில் கோர்த்து, தென்னை மரத்தில் கட்டிவைத்துவிட்டு உட்கார்ந்தான். கருமணல் வாசற்படி வரைக்கும் வந்து, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாத விருந்தாளி மாதிரி நின்றது.

ஊசியைப் பற்றி டாக்டர் நிகார் பாத்திமா அவளுக்குப் பொறுமையாகத்தான் சொல்லியிருந்தார். இது இரும்புப் பொடி, ஆனால் கண்ணுக்குத் தெரியாது, ஒரு தலைமுடியின் கனத்தில் இதை ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தலாம். சும்மா விட்டால் உடம்பு இதை அந்நியன் என்று விரட்டிவிடும், அதனால் ஒவ்வொரு துகளுக்கும் மேலே சர்க்கரை போன்ற ஒரு உறை போட்டிருக்கிறோம். உடம்பு ஏமாந்து, நம்ம ஆள்தான் என்று உள்ளே விட்டுவிடும். பொடி சில நாளில் போய் நல்ல ஈரலில் தங்கும், கட்டியில் தங்காது. படத்தில் ஈரல் கறுப்பாகவும் கட்டி வெள்ளையாகவும் தெரியும். கட்டியின் ஓரமெல்லாம் சரியாகத் தெரிந்த பிறகு, அதே போன்ற துகள்களின் முதுகில் மருந்தை ஏற்றி அனுப்புவோம், வயிற்றுக்கு மேலே ஒரு காந்தப் பட்டை கட்டி அதைக் கட்டிமேல் பிடித்து நிறுத்துவோம், மற்ற இடத்துக்குச் சேதாரமில்லாமல் மருந்து அங்கேயே வேலை செய்யும்.

"அப்போ மருந்து விலாசம் தேடிப் போவும்னு சொல்லுங்க" என்றாள் செலஸ்தீனா.

"அப்படியே வச்சுக்கோங்க. ஆனா சத்தமா சொல்லாதீங்க, பக்கத்து வார்டுல தூங்கறாங்க" என்றார் டாக்டர்.

மறுநாள் விடிந்ததும் அவள் வழக்கம்போல ஏலத்துக்குப் போய்க் கரையில் நின்றாள். ஏலம் விட மீன் இல்லை. இரண்டு வருடமாகவே அருளப்பன்துறையைக் கடல் திரும்பிப் பார்க்கவில்லை. இளவட்டங்கள் எல்லாம் கொச்சிக்கும் மங்களூருக்கும் வளைகுடாவுக்கும் யாரோ ஒருவனுடைய படகில் வலை இழுக்கப் போய்விட்டார்கள். செலஸ்தீனாவின் ஒரே மகன் லிகோரியும் அப்படிப் போனவன்தான், பெருநாளுக்குப் பெருநாள் போனில் முகம் காட்டுவான். வெறுங்கரையில் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் அலையில் காலை நனைத்துக்கொண்டு நின்றபோது, தண்ணீரின் நிறம் மாறியது. முதலில் மேகத்தின் நிழல் என்று நினைத்தாள். பிறகு அந்த நிழல் மினுங்கியது. சாளை மீன்கள், ஆயிரமும் பத்தாயிரமும் இல்லை, கடலுக்கு ஒரு வெள்ளிப் பாய் விரித்த மாதிரி, எல்லாம் ஒரே திசையில் தலையை வைத்து, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றன.

அவள் இடது பக்கம் நகர்ந்தாள். மீன்களும் நகர்ந்தன.

"ஏ சேசடிமை அண்ணே! கரைமடி வலையை எடும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கீழத்துறையில் அன்று அடுப்பு இரண்டு முறை மூட்டினார்கள்.

அதன்பிறகு நடந்தவற்றைப் பற்றி அருளப்பன்துறையில் யாரும் வாயைப் பிளக்கவில்லை, பிளக்க நேரமில்லை. மீன் வந்தால் ஐஸ் வேண்டும், கூடை வேண்டும், வண்டி வேண்டும், கருவாடு காயப்போட இடம் வேண்டும். கமிட்டி கூடி, செலஸ்தீனா எந்த நேரத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பேசி முடித்தது. வடக்குத் தெருவுக்காரர்கள் வலை போடும் நாளில் வடக்கே, தெற்குத் தெருவுக்காரர்களுக்குத் தெற்கே, ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்வரை கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் மீன் வீணாகக் காத்திருக்கும். வெயிலுக்காக அவளுக்கு ஒரு நாற்காலியும் கலர் குடையும் போட்டார்கள். நாற்காலி பிளாஸ்டிக், குடையின் கம்பி இரும்பு என்பதால் அது அவள் தலைமேல் தானாகவே கவிழ்ந்துகொண்டது, பிடிக்க ஆள் வேண்டியிருக்கவில்லை. கருமணலைப் பற்றி முதலில் குறை சொன்னவர்கள் பெண்கள்தான், சோற்றில் கடிபடுகிறது என்று. பிறகு அவள் வரும் வழியில் இருக்கும் வீட்டுக்காரர்கள் வாசலில் ஈரச் சாக்கு போட்டுப் பழகிக்கொண்டார்கள். தையற்கடைக்காரி தொலைத்த ஊசிகளையெல்லாம் செலஸ்தீனாவை ஒரு முறை கடைக்குள் நடக்கவிட்டுப் பொறுக்கிக்கொண்டாள்.

ஒரே ஒரு சங்கடம் கல்யாண வீட்டில் வந்தது. தெற்குத் தெருப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் போட்ட ஆரம், செலஸ்தீனா வாழ்த்துச் சொல்லப் பக்கத்தில் போனதும் பெண்ணின் கழுத்திலிருந்து எழுந்து, கிடைமட்டமாக நின்று, அவளைச் சுட்டிக்காட்டியது. தங்கம் யாரையும் சுட்டிக்காட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"நான் ஒண்ணும் சொல்லல, நான் வாழ்த்ததான் வந்தேன்" என்று செலஸ்தீனா தன்னால் முடிந்த அளவுக்கு மெதுவாகச் சொன்னது ரோட்டுக்கே கேட்டது. அதன்பிறகு அந்த வட்டாரத்தில் கல்யாணப் பேச்சு என்றால் பெண் வீட்டார் அவளையும் அழைத்துப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவள் வருவதைக் கண்டால் வேறு தெருவில் வேலை இருப்பதாகச் சொல்லி நகர்ந்தார்கள்.

பங்குச்சாமியார் மரியதாசனிடம் சிலர் போய், இது அற்புதம்தானே, ரோமாபுரிக்குத் தெரிவிக்க வேண்டாமா என்று கேட்டார்கள். அவர் தாடியைத் தடவியபடி செலஸ்தீனாவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"சாமி, புனிதர்னா செத்துப் போயிருக்கணும்லா? எனக்கு அதுல அவசரமில்ல" என்றாள். அவர் சிரித்துவிட்டு, அந்தப் பேச்சை அத்தோடு விட்டார்.

மீன் செய்தி கடல் தாண்டிப் போக நாளாகவில்லை. வெளியூர்ப் படகுகளில் இருந்த பையன்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். லிகோரியும் வந்தான். கறுத்து, இளைத்து, மீசை வைத்து, யாரோ மாதிரி வந்து வாசலில் நின்றவனைச் செலஸ்தீனா கட்டிப்பிடித்தபோது அவன் இடுப்பு பெல்ட்டின் பக்கிள் அவள் வயிற்றில் ஒட்டிக்கொண்டு, விடுவிக்க ததேயு வரவேண்டியிருந்தது. வீட்டில் மூன்று தட்டு வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான், இல்லாமலிருந்த ஒரு தட்டு வந்து சேர்ந்திருந்தது. மகன் குனிந்து மீனின் முள்ளை எடுப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். வலது விலாவுக்குக் கீழே ஏதோ ஒன்று கல்லாக அழுத்தும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

படம் எடுக்கப் போக வேண்டிய நாள் வந்தது. போகவில்லை. அன்றைக்கு வடக்குத் தெருவின் முறை. அடுத்த வாரம் சூரை மீன் வந்தது, அதற்கடுத்து ஏதோ ஒன்று. டாக்டரே போன் செய்து கூப்பிட்ட பிறகுதான் ததேயு அவளைக் கையைப் பிடித்து பஸ் ஏற்றினான்.

டாக்டர் நிகார் பாத்திமா அன்று எடுத்த படத்தை விளக்கில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஈரல் கறுப்பா இருக்கணும். இல்ல. கட்டியும் வெளுப்பு, ஈரலும் வெளுப்பு. ஒண்ணும் பிரிச்சுப் பார்க்க முடியல. நான் ஏத்தின இரும்பெல்லாம் எங்க போச்சு தெரியுமா? உங்க காலுக்கு. உள்ளங்கால், கணுக்கால், அப்புறம் கடலைப் பார்த்த பக்கத்துத் தோல். எங்க நிக்கறீங்க நீங்க நாள் முழுக்க?"

செலஸ்தீனா சொன்னாள். மணலைப் பற்றிச் சொன்னாள், மீனைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் நடுவில் ஒரு தடவைகூட குறுக்கிடவில்லை.

"இப்படி ஒரு கேஸ் எந்தப் புத்தகத்திலயும் இல்ல" என்றார் கடைசியில். "ஆனா இரும்பு கலந்த கருமணல் கிடக்கிற ஊர்லேருந்து வந்து யாரும் இதுவரை இந்த ஊசி போட்டுக்கிட்டதும் இல்ல. நீங்க மணலை இழுக்கறீங்க. மணலும் உங்களை இழுக்குது. மீனும் இழுக்குது. நடுவில என் மருந்து நிக்காது. அடுத்து நான் ஏத்தப்போறது வெறும் இரும்பில்ல, அது முதுகில விஷம் மாதிரி மருந்து இருக்கும். அது கட்டியில நிக்காம காலுக்கு இறங்கினா காலும் போகும், கட்டியும் வளரும்."

"அப்போ என்ன செய்யணும்?"

"இங்க வந்து படுக்கணும். முதல்ல ஒரு தடவை படத்துக்கு ஊசி, பிறகு மருந்துக்கு. குணமாகற வரைக்கும் மணல் உங்க பக்கம் வரக்கூடாது, கடலும் வேண்டாம்."

"திருவிழா முடிஞ்சி வந்தா போதுமா?"

டாக்டர் ததேயுவைப் பார்த்தார். ததேயு தரையைப் பார்த்தான்.

"கட்டிக்குத் திருவிழா தெரியாதும்மா" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் செலஸ்தீனா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வந்ததில் கண்டக்டர் பயந்துபோய், உடம்புக்கு என்ன அக்கா என்று கேட்டான். அவளுக்குச் சாவைப் பற்றி அவ்வளவாகப் பயம் இல்லை. கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அது பழகின முகம். ஆனால் அவள் போனால் மீன் போகும், மீன் போனால் லிகோரி போவான். நாற்பத்தாறு வயது வரை கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தவளுக்கு, கடல் ஒரு நாள் திரும்பிப் பார்த்திருக்கிறது. விடியற்காலையில் அத்தனை கண்களும் அவளையே பார்த்துக்கொண்டு தண்ணீரில் நிற்கும்போது அவளுக்குள் ஏற்படுகிற குளிர்ச்சியை அவள் எந்த டாக்டரிடமும் சொல்ல முடியாது, எந்தச் சாமியாரிடமும் சொல்ல முடியாது.

அதனால் அவள் மறுநாளும் கரைக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். பாதம் இரண்டும் சட்டி அடி மாதிரி கறுத்துப்போயிருந்தன, தரை தொடச் சேலையை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டாள். ததேயு வேலை செய்வதை நிறுத்திவிட்டான். வாசலில் பிரித்துப்போட்ட இன்ஜின்களுக்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படகுக்காரர்கள் வந்து கேட்டால், "ஆளு வேற பாருங்க" என்றான். நான்கு இன்ஜின் அப்படியே கிடந்தபிறகு சேசடிமை கமிட்டியைக் கூட்டினார்.

கோயிலுக்கு எதிரில், வேப்பமரத்தடியில், ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. கருமணலும் வந்து செலஸ்தீனாவின் காலைச் சுற்றி உட்கார்ந்தது.

"ததேயு, இன்ஜின் வேலை நடக்காம படகு கடலுக்குப் போவாது. ஒனக்கு என்னல வேணும்?" என்று சேசடிமை கேட்டார்.

ததேயு எழுந்தான். அவன் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"இவ வயித்துல ஒரு கட்டி இருக்கு. ஆஸ்பத்திரியில படுத்தா கரையும்னு சொல்லுதாவ. இவ போனா மீனு போவும். போவலேன்னா இவ செத்துப்போவா, அப்பவும் மீனு போவும். ரெண்டுல எது நல்லதுன்னு கமிட்டி சொல்லட்டும், நான் கேட்டுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

காற்று வேப்பமரத்தில் நுழைந்து வெளியே வந்தது. லிகோரி தன் தாயைத் திரும்பிப் பார்த்தான். கட்டி என்ற சொல்லை அவன் அன்றுதான் கேட்டான். சின்ன வைத்தியம் ஏதோ, ஊசி ஏதோ என்று மட்டுமே அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"எம்மா, காலைக் காட்டு" என்றான்.

"காலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

அவன் குனிந்து, ஊர் பார்க்க, அவள் சேலையின் ஓரத்தைக் கணுக்கால் வரை விலக்கினான். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"லேய், விடுல" என்று அவள் அதட்டினாள், ஆனால் குரல் எழும்பவில்லை. "நான் போனா நீயும் போயிருவியே மக்கா. அதான்."

"நான் போறதுக்கும் வாறதுக்கும் பஸ் இருக்கு, பிளைட் இருக்கு. நீ போனா என்ன இருக்கு?" என்றான் அவன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைக்காமல் மணலைக் காலால் ஒரு உதை விட்டான். மணல் சிதறி, மறுபடி சேர்ந்து, அவன் தாயின் காலடிக்கே வந்தது.

சேசடிமை வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். அவர் குடும்பத்திலும் இரண்டு மகன்கள் அந்த மாதம் திரும்பி வந்திருந்தார்கள்.

"செலஸ்தீ, நாளைக்கே கிளம்பு" என்றார். "மீனு நாம விடுற மூச்சுல பொறந்ததா என்ன? கடலுக்கு எப்போ தோணுதோ அப்போ தரட்டும். இந்த மணலை எப்படி நிப்பாட்டதுன்னு மட்டும்தான் இனி பேச்சு."

அவளை ஏற்றிய வேன் கிளம்பியபோதுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது. கருமணல் முழுவதும் ரோட்டுக்கு ஏறியது. பெண்கள் வாரியலும் முறமுமாக ஓடிவந்து வழிமறித்துப் பெருக்கினார்கள். பெருக்கித் தள்ளியது நின்று யோசித்து, வேறு சந்து வழியாகக் கிளம்பியது. தெருவுக்குத் தெரு முறை வைத்து, காலையிலும் மாலையிலும் மணலைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது போல அதட்டியும் கொஞ்சியும் விட்டார்கள். "போ, போ, அவ வருவா, இப்போ போ." மீன்களும் விடவில்லை. அவள் போன திசையைத் தேடிக் கழிமுகம் வழியாக ஆற்றுக்குள் ஏறப் பார்த்தன. ஆறு நேராக ஆஸ்பத்திரி இருக்கும் டவுனுக்குத்தான் போகிறது. ஆண்கள் படகுகளைக் கழிமுகத்தில் குறுக்கே நிறுத்தி, துடுப்பால் தண்ணீரை அடித்து, வலைக்குள் தானாக வந்து விழுகிற மீனை வலையோடு கவிழ்த்துக் கடலுக்கே அனுப்பினார்கள். கீழத்துறைக்காரர்கள் தூரத்தில் படகை நிறுத்தி, இவர்களுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களும் துடுப்பெடுத்து வந்து சேர்ந்துகொண்டார்கள்.

வார்டில் செலஸ்தீனா வயிற்றில் காந்தப் பட்டையோடு மல்லாந்து படுத்திருந்தாள். புதுப் படத்தில் ஈரல் இருட்டாகவும், கட்டி அதன் நடுவில் கோழிமுட்டை போல வெள்ளையாகவும் தெரிந்தது. டாக்டர் அதைக் காட்டியபோது, "நல்ல அழகாத்தான் இருக்கு சனியன்" என்றாள். பிறகு மருந்து ஏற்றினார்கள். இரும்பு தன் முதுகில் மருந்தைச் சுமந்துகொண்டு, சர்க்கரைச் சட்டை போட்டுக்கொண்டு, அவளுடைய இரத்தத்தில் ஊர்வலமாகப் போய்க் கட்டியைச் சூழ்ந்து உட்கார்ந்தது. அவளுக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்தன. ததேயு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பேச ஒன்றும் கிடைக்காமல், இன்ஜின் எப்படி ஓடுகிறது என்பதை முதலிலிருந்து கடைசிவரை அவளுக்குச் சொன்னான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

ஒரு மத்தியானம் பட்டை அவள் வயிற்றின்மேல் நடுங்கியது. அவள் கண் விழித்துப் பார்த்தாள். வார்டுக் கதவின் அடியில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

"மனுசா, மணலு!" என்று அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். ததேயு கையில் கிடைத்த போர்வையைக் கதவடியில் திணித்துவிட்டு ஊருக்குப் போன் போட்டான். யாரும் எடுக்கவில்லை. அன்றைக்கு அருளப்பன்துறைக்கும் கீழத்துறைக்கும் கால்பந்து இறுதிப்போட்டி. ஊர் முழுக்க மைதானத்தில் இருந்தது. மணல் அந்த நேரம் பார்த்து ஓசையில்லாமல் பஸ் ஸ்டாப் வரை நடந்து, பஸ்ஸின் அடிப்பக்க இரும்பில் தாடி போல ஒட்டிக்கொண்டு, டிக்கெட் எடுக்காமல் டவுனுக்கு வந்துவிட்டது. கடைசியில் சாமியார்தான் போனை எடுத்தார். அவர் கோயில் மணியைப் பிடித்து ஆட்டிய ஆட்டத்தில் ஆட்டம் நின்றது. இரண்டு ஊர் ஆட்டக்காரர்களும், ஜெர்சியோடும் பூட்ஸோடும், விசில் ஊதியபடி நடுவரும், வாரியல்களைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினார்கள். வராந்தாவிலிருந்தும் படிக்கட்டிலிருந்தும் ஸ்கேன் அறையிலிருந்தும் மணலைப் பெருக்கி மூட்டை கட்டி ஏற்றும்வரை, டாக்டர் நிகார் பாத்திமா செலஸ்தீனாவின் வயிற்றுப் பட்டையைத் தன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மருந்து நின்னுதா டாக்டரம்மா?"

"நின்னுது. பேசாதீங்க."

கட்டி முட்டையிலிருந்து நெல்லிக்காயாகி, புளியங்கொட்டையாகி, கடைசியில் ஒரு படத்தில் தேடியும் காணவில்லை. சர்க்கரை உறை கரைந்துவிட்டது என்றும், உள்ளே இருந்த இரும்பை உடம்பு எடுத்து இரத்தமாக்கிக்கொண்டது என்றும் டாக்டர் சொன்னார். செலஸ்தீனாவின் பாதங்கள் கறுப்பு வடிந்து பழைய நிறத்துக்கு வந்திருந்தன. டாக்டர் சோதித்துப் பார்க்கத் தன் கத்தரிக்கோலை அவள் பக்கத்தில் வைத்தார். கத்தரிக்கோல் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அவள் ஊர் வந்து இறங்கிய காலையில் எல்லோரும் கரையில் நின்றார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார்கள். அவள் பத்து எட்டு நடந்தாள். கருமணல் வெள்ளை மணலோடு கலந்து கிடந்தது, வேலை இல்லாதவன் மத்தியானம் தூங்குவது போல. அலை வந்தது, போனது. தண்ணீர் தண்ணீரின் நிறத்தில் இருந்தது. செலஸ்தீனா முழங்கால் அளவு இறங்கி நின்று பார்த்தாள். அத்தனை கண்களும் ஒரு காலத்தில் அவளைப் பார்த்துக்கொண்டு நின்ற இடம் அது. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முகத்தைக் கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டு கரை ஏறினாள்.

படகுகள் புறப்படத் தயாராக இருந்தன. ததேயு வந்த கையோடு இன்ஜின் ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். லிகோரியின் பெட்டி இன்னும் வீட்டில்தான் இருந்தது. போவானா இருப்பானா என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவன் படகின் முன்முனையில் ஏறி நின்றுகொண்டு, மற்றப் படகுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, கூப்பிட்டான்.

"எம்மா, எந்தப் பக்கம் போவணும்?"

"எனக்கு என்னல தெரியும்? எனக்குள்ள இப்போ ஒண்ணுமில்ல."

"சும்மா சொல்லு."

அவள் சூரியனைப் பார்த்தாள், காற்றை முகர்ந்தாள், ஒன்றும் புரியவில்லை. கையைத் தூக்கி, தென்மேற்காக, கை போன போக்கில் ஒரு இடத்தைக் காட்டினாள். சேசடிமை தலையை ஆட்டினார், இன்ஜின்கள் உறுமின, ஒரு படகுகூட மாறாமல் எல்லாம் அந்தப் பக்கம் போயின.